வினையில்லை, மரபணு

விரதத்தை முறித்ததால்தான் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று இருபத்தேழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள்தான்.

எங்கள் ஜைன வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். மழைக்கால நான்கு மாதமும் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பொழுது போனபின் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். பத்தொன்பது வயதில் எனக்கும் அந்த வீம்பு வந்தது. கோயிலில் எல்லோர் முன்னாலும் நின்று விரதம் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரமே தாகம் ஆளைக் கொன்றது. விளக்குப் போடாமல் அடுக்களைக்குப் போய், குடத்தைச் சாய்த்துச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். அடுத்த நாளும் அப்படியே. தீபாவளிக்குள் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள்.

திருட்டுத் தண்ணீர் குடித்ததை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “யார்கிட்டயும் சொல்லாத. வினை, அனுபவிச்சிதான் தீக்கணும்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பரிகாரமாக அட்டமிதோறும் உபவாசம் இருந்தேன், இன்சுலினையும் போட்டுக்கொண்டு. ஒரு அட்டமியன்று கோயில் பிரகாரத்திலேயே மயங்கி விழுந்தேன். பார்த்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா மறைக்கச் சொன்னாள். நான் மறைக்கவில்லை. எங்கள் சனம் கொஞ்சம். ஒரு வீட்டில் சொன்னால் எல்லா வீட்டிலும் சொன்ன மாதிரி. பிறகு யாரும் வரவில்லை. நைனாவும் அம்மாவும் போனபின் செஞ்சியிலேயே ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் என் அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. விசேஷ நாளில் அங்கிருந்து பலகாரம் வராது. “உனக்குத்தான் ஆகாதே” என்பாள் அண்ணி. பலகாரம் ஆகாது, சரி. மனுஷர்களுமா ஆகாது? சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போது குரல் கரகரக்கும்.

போன வருஷம், விழுப்புரத்தில் நான் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “இத்தனை வருஷம் இவ்ளோ கம்மி இன்சுலின்ல ஓடுதுன்னா, இது சாதாரண சுகர்தானான்னு எனக்கு டவுட்டா இருக்குது” என்று ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவில் பி.டி.எக்ஸ் 1 என்று ஒரு பெயர் வந்தது. கரு ஒரு பயறு அளவு இருக்கும்போதே, குடலோரம் முளைக்கிற மொட்டைக் கணையமாக வளரச் சொல்லும் மரபணுவாம் அது. வளர்ந்த பிறகு இன்சுலின் சுரக்கும் செல்களை வேலை வாங்குவதும் அதுதான். தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி. என்னுடையதில் ஒன்று பழுது.

“அப்போ நான் தண்ணி குடிச்சதால வரலியா?” என்று கேட்டுவிட்டேன்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விரதக் கதையைச் சொன்னேன். “தண்ணி குடிச்சதால சுகர் வரலம்மா. சுகர் வந்ததால தண்ணி குடிச்சிருக்கீங்க” என்றார். அங்கேயே அழுதேன். செஞ்சி பஸ்ஸில் ஏறியதும் அழுகை போய்க் கோபம் வந்தது. சொல்லவேண்டிய ஒரே ஆள் அம்மா. அவள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு இருந்தால் அவன் பெண்ணுக்கும் அப்படியே. அந்தப் பெண் காலேஜ் சேர்ந்த புதிது. பார்க்கும்போதெல்லாம் கையில் தண்ணீர் பாட்டில், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இந்த மழைக்காலம் அவளும் தண்ணீர் விரதம் எடுக்கப்போகிறாள் என்று அண்ணி பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

சோதனை முடிவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் மண்டிக்குப் போனேன். அவன் அதைத் தொடவேயில்லை.

“அவளுக்கு வரன் பாக்கற நேரத்துல இன்னா பேச்சு இது? ஒனக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா?”

காகிதத்தை மூட்டைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். விரதத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் அண்ணன் மாடியேறி வந்தான். நான் அங்கே குடிவந்ததிலிருந்து அவன் அந்தப் படியை மிதித்ததில்லை. உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். பாதி காலி. சர்க்கரை மாத்திரை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“பதினோரு வருஷமா போடறேன். இங்க வாங்கினா தெரிஞ்சிடும்னு அவலூர்பேட்டையில வாங்கறேன். ஒங்க அண்ணிக்கே தெரியாது.”

எனக்கு இரக்கம் வரவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படித் தனியா கெடந்திருக்க மாட்டேனே அண்ணா” என்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“ஒன்ன பாத்துதான் சொல்லல,” என்றான் தலை குனிந்தபடி. “ஒன்ன எல்லாரும் எப்படி ஒதுக்கினாங்கன்னு பாத்தேன் இல்ல.”

“எல்லாரும்னா யாரு? நீதானே.”

அவன் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாப்பாவ நீயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன். நான் சொன்னா ஏன்னு கேப்பா” என்றான்.

“கேக்கட்டும். நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கறேன்.”

போன் போட்டு மகளை வரச் சொன்னான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் மாத்திரை அட்டையை அவளிடம் நீட்டினான். “எனக்கும் ஒங்க அத்தைக்கும்...” என்று ஆரம்பித்தான். அந்த ஒரு “எனக்கும் அத்தைக்கும்” என் காதில் விழ எனக்கு நாற்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது.