மாமி வீட்டு யூதாஸ்

கல்யாணம் முடித்து வந்த முதல் வருடமே எனக்கு யூதாஸ் வேலை கிடைத்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் என் கணவரின் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து, குருத்தோலையும் கையுமாக எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். சாப்பாட்டுக்கு முன் முன்ஹோலில் உட்கார்ந்து இயேசு காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிலுவையில் அறையப்பட்ட பாடுகளை ஆளுக்கொரு பகுதியாக வாசிப்பார்கள். மாமிதான் இயேசு. கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், கதை சொல்லும் பகுதியை வாசிப்பார். என் கணவர் பேதுரு. அவருடைய தங்கையான என் மச்சாளுக்குப் பிலாத்தும் மிச்சம் மீதியும்.

யூதாசை வாசிக்கத்தான் ஆள் அகப்படாது. வாசித்தால் அந்த வருடம் ஏதும் கூடாதது நடக்கும் என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம். மாமா இருந்தவரைக்கும் அவர் வாசித்தாராம். அவர் போன பிறகு யூதாசே இல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். அந்த முறை இயேசுவை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்டபோது எல்லோரும் குருத்தோலையை மடிக்கத் தொடங்கினார்கள்.

"நீ வாசி பிள்ளை. உனக்கு ஞானஸ்நானம் இல்லைத்தானே, ஒட்டாது" என்றார் மாமி.

நான் வெள்ளவத்தைச் சைவக் குடும்பம். மதம் மாறச் சொல்லி அந்த வீட்டில் யாரும் என்னை நெருக்கியதே இல்லை. பெருந்தன்மை என்றுதான் முதலில் நினைத்தேன். யூதாசுக்கு ஆள் தேவைப்பட்டதும் ஒரு காரணமாக இருக்குமோ என்று பிறகு சந்தேகம் வந்தது.

வருடா வருடம் வாசித்ததில் அந்த ஆளின் மேல் எனக்கு ஒரு பரிதாபம் உண்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் சாதகக் குறிப்புப் பார்க்காமல் ஒரு காரியமும் நடக்காது. இந்தப் பிள்ளை வேற்றுச் சமயத்தில்தான் கட்டும் என்று நான் சிறுமியாக இருந்தபோதே சாத்திரியார் சொல்லிவிட்டார். அப்படியே நடந்தபோது அப்பா என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. சாத்திரியாரைத்தான் கண்டபடி திட்டினார். விதித்தது நடந்தால் நடத்தியவனைக் கோபித்து என்ன பயன் என்பது எங்கள் வீட்டு நியாயம். இங்கேயோ பழைய ஏட்டில் எழுதியிருந்ததாம், இயேசுவும் மேசையில் வைத்தே சொன்னாராம், சொன்னபடியே நடந்ததாம். ஆனாலும் பழி முழுக்க அவன் தலையில். எனக்கு இது பிடிபடவே இல்லை.

"முன்னமே எழுதியிருந்தா அவன் என்ன செய்யிறது மாமி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஃபாதரிட்ட கேள். முதல்ல வந்து கீரையை ஆய்" என்றார் மாமி.

ஃபாதரிடமும் கேட்டேன். நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னால் ரேடியோவா மழையைக் கொண்டுவருகிறது என்று அவர் சிரித்தார். நல்ல பதில்தான். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு மறுபேச்சு வந்தது. மழைக்குக் காது இல்லை. யூதாஸ் அதே மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன். முகத்துக்கு நேரே சொன்ன சொல் ஒரு மனிதனுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று ஃபாதர் யோசிக்கவில்லை.

போன வருடம் குருத்து ஞாயிறு. வாசிப்பு முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமியின் சோற்றுக் கோப்பையில் நான் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்த வீட்டில இருந்து என்னைக் கிளப்பப்போறது இதில இருக்கிற ஒராள்தான்" என்றார் மாமி. மழை வரப்போகிறது என்பதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நானோ அம்மா?" என்றார் அத்தான். "நானோ?" என்றார் என் கணவர். மச்சாளும் கேட்டாள். சற்று முன் வாசித்த பகுதியில் சீடர்கள் கேட்ட அதே கேள்வி என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. அகப்பையும் கையுமாக நின்ற நான் கடைசியாக, "நானோ மாமி?" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். "பருப்புக் காணும் பிள்ளை, போதும்" என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு டியூஷன் வகுப்பு இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் தனியே இருந்த மாமியைக் கொச்சிக்கடைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அந்த மழைக்காலத்தில் ஒரு செவ்வாய் நான் போனபோது அவர் சேலை கட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. பாத்ரூமில் விழுந்திருக்கிறார். இது முதல் தடவையும் இல்லையாம். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோகிறேன் என்றும், கோயிலிலிருந்து வரும்போது ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையே அடையாளம் தெரியவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளையளிட்டச் சொல்லிப்போடாத."

"ஏன் மாமி என்னட்ட மட்டும் சொல்றீங்கள்?"

"உன்னட்டத்தான் சொல்லலாம்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. மாமி கல்யாணமாகி வந்து குடியேறிய வீடு அது. அதை விட்டுப் போவதைவிடச் சாவது மேல் என்று சொல்லுகிறவர். பாமன்கடையில் எங்கள் ஃப்ளாட் நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யும் நாளை நாங்கள் நல்ல நாள் என்போம். பகலில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பதில்லை. அத்தான் வீட்டிலும் மச்சாள் வீட்டிலும் அதே கதை. விஷயம் வெளியே வந்தால் முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னிடம் சொன்னார். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். மாமிக்காக மட்டும் இல்லை. மாமி அந்த மேசையில் சொன்ன ஆள் நானில்லை என்று காட்டவும்தான்.

பிறகு ஒரு செவ்வாய் நான் ஓட்டோவில் போய் இறங்கியபோது ஒழுங்கை முழுக்கக் காஸ் மணம். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா மாமி வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே ஓடினேன். காஸ் அடுப்பு திறந்தபடி கிடந்தது. மாமி பக்கத்திலேயே கதிரையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி மடியில் இருந்தது. நான் அடுப்பை மூடி, அவரை இழுத்து வெளியே கொண்டுவந்தேன். மாமி தன்னைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாரே ஒழிய என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமே சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. முடிவெடுத்தவர்கள் மூன்று பிள்ளைகளும். ஆனால் பேச்சில் அது அப்படி வரவில்லை. "நீங்கள் சொன்னபடியாத்தானே தெரிஞ்சது" என்று அத்தான் நன்றி சொல்லுகிற மாதிரியே குத்தினார். "அம்மா அண்டைக்கே மேசையில சொன்னவ" என்றாள் மச்சாள். புறப்படும்போது மாமி எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை அடையாளம் போட்டார். என் முறை வந்தபோது கைப்பையைத் தேடத் தொடங்கினார். நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உயிரைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்றைக்கும் தெரியவில்லை. நான் சொல்லுவேன் என்று தெரிந்துதான் மாமி மேசையில் என்னைப் பார்த்தாரா? இல்லை, யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும், பெற்ற பிள்ளைகள் மேல் அந்தப் பழி விழவேண்டாம் என்று என்னைத் தேர்ந்தெடுத்தாரா? ஞானஸ்நானம் இல்லைத்தானே, ஒட்டாது. ஒட்டாது என்று எந்தத் துணிவில் நினைத்தார் என்றுதான் நான் இரவு பகலாகப் புகைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு செவ்வாயும் இல்லத்துக்குப் போனேன். மாமி சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றிக் கதைத்தார். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க நினைத்து, ஒவ்வொரு முறையும் பழத்தை உரித்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் குருத்து ஞாயிறன்று எல்லோரும் இல்லத்துக்கே போனோம். விசிட்டர்மார் இருக்கும் அறையில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். மாமி மெலிந்திருந்தார். அத்தானை மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் பகுதிகளைப் பிரிக்கும்போது தடுமாறவில்லை. மகன்மாருக்கும் மகளுக்கும் பழையபடி. நான் வழமையான இடத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தேன்.

"நீ இயேசுவை வாசி" என்றார் என்னிடம். "மற்றதை நான் வாசிக்கிறன்."

"அம்மா, அவவுக்கு ஞானஸ்நானம்..." என்று மச்சாள் தொடங்கினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையில் அவள் அடங்கிவிட்டாள்.

மேசைப் பகுதி வந்தது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்ற வரி என்னுடையது. அதை வாசித்தேன். "நானோ?" என்று மாமி வாசித்தார். தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, உண்மையிலேயே பதில் வேண்டும் என்பதைப் போலக் கேட்டார்.

பிறகு யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் தோட்டத்துப் பகுதி. முத்தத்தை நாங்கள் ஒருபோதும் நடித்ததில்லை. அத்தான் வாசித்துக் கடந்துபோய்விடுவார். இந்த முறை மாமி புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை முத்தமிட்டது அதுதான் முதல் தடவை. பேபி பௌடர் மணந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அடுத்த வரி என்னுடையது. கணவர் எனக்காகப் புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினார். காட்டிக்கொடுக்க வந்தவனை இயேசு அந்த இடத்தில் தோழா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு எழுத்துத் தெரியவில்லை, எல்லாம் கலங்கிக் கிடந்தது.

"மாமி" என்றேன்.

அத்தான் திருத்தவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார் மாமி.