சாம்பல் துடைத்த மொச்சை

1. பளபளப்பு

சக்குபாய் மாவ்ஷி கடையின் பின்கட்டுக்குள் வந்து, தட்டில் பரப்பியிருந்த மொச்சையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி மொச்சையைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்கத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். கண்ணாடி இல்லாமலே அவருக்கு அந்தப் பளபளப்பு தெரிந்தது.

துடைத்தவன் நான்.

மாட்டுங்காவில் ஒரு தானியக் கடையில் எனக்கு இருபத்து மூன்று வருஷ வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆட்களோடு பேச வேண்டும் என்றால் நாக்கு மடங்கிக்கொள்ளும். முதல் வாரமே முதலாளி அண்ணாச்சி அதைக் கண்டுபிடித்து, கவுண்டரிலிருந்து என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே மால் சாஃப் செய்யும் வேலை, அதாவது சரக்கைச் சுத்தம் செய்வது. கோணியைப் பிரித்து, சலித்து, முறத்தில் புடைத்து, கல்லும் கச்சராவும் பொறுக்கி, கடைசியில் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவேன். எண்ணெய் பட்டால் பூச்சி அண்டாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். தானியம் பேசாது. அதனால் எனக்கும் அதற்கும் ஒத்துப்போனது.

மாவ்ஷி மலைக்காரர். நம் ஊரில் சித்தி என்பதுபோல மராத்தியில் மாவ்ஷி. பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் மேலே ஏறினால்தான் அவருடைய ஊர். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் எங்கள் கடைக்கு இரண்டு கோணி மொச்சை கொண்டுவருவார். எல்லாம் அடுப்புச் சாம்பலில் புரட்டியதாகவே வரும். முதல் வருஷம் கோணியைப் பிரித்ததும் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்னவே இது, யாரு அஸ்தி?" என்று கேட்டார். நான் சாம்பலைப் போக்கி எண்ணெய் தேய்த்துக் கொடுத்தேன். நன்றாக விற்றது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

இந்தத் தடவை கோணிகளோடு பழைய சேலைத் துணியில் கட்டிய நாலு சிறு மூட்டைகளும் இருந்தன. திங்கட்கிழமை காலையில் இறக்கி வைத்துவிட்டு, மாவ்ஷி முன்னால் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த நாலும் எதற்கு என்று கேட்க நினைத்தேன். ஆனால் கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் போய்க் கேட்க வேண்டும். வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி போவதற்குள் அவர் சுனாபட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கோணியில் வந்தது போலத்தான் இதுவும் என்று முடிவு செய்து, நாலு மூட்டையையும் பிரித்தேன். ஈரத்துணியால் ஒவ்வொரு மொச்சையாகத் துடைத்து எண்ணெய் தேய்த்தேன். நானே சொல்லக்கூடாது, ஆனாலும் அதுபோல் ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

2. நாற்பது பிள்ளை

மாவ்ஷி மராத்தியில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன். அவர் என்னைக் கூப்பிடும் 'தாதா' மட்டும் அப்படியே; அண்ணன் என்று அர்த்தம்.

"தாதா, என் சாம்பல் எங்க?"

நான் கச்சரா டப்பாவைக் காட்டினேன். அதுவும் காலியாக இருந்தது. குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது.

அண்ணாச்சி ஓடிவந்தார். "என்ன மாவ்ஷி, கெட்டா போச்சு? நல்லா சுத்தமாத்தான இருக்கு."

"சுத்தமாத்தான் இருக்கு. சமையலுக்கு இல்ல இது, விதை."

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். வெள்ளையில் சிவப்புக் கண் வைத்தது வேலியில் ஏறும். புள்ளி போட்டது நெல் வயல் வரப்பில் வரும். சின்னப் பழுப்பு நிறத்தது மழை இல்லாவிட்டாலும் கல்சரிவில் உட்கார்ந்துகொள்ளும். பெரியது கல்யாண வீட்டுக் கூட்டுக்கு. நாலையும் எடுத்துக்கொண்டு அவர் போக இருந்தது செம்பூரில் ஒரு ஹாலுக்கு. ஞாயிற்றுக்கிழமை பல மலைகளிலிருந்து விவசாயிகள் அங்கே கூடி விதை மாற்றிக்கொள்வார்கள். மாவ்ஷியின் ஊரில் மழை பொய்த்த ஒரு வருஷம் கறுப்பு மொச்சை அடியோடு அழிந்துவிட்டது. வேறொரு மலையில் ஒருவரிடம் அது இருக்கிறதாம். அதை வாங்கத்தான் இந்த நாலும். அதுவரை கடையில் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுப் போயிருந்தார்.

"இப்ப இதப் பாத்தா கடைச் சரக்கும்பாங்க. யாரு மாத்துவா? அது போகட்டும், இது முளைக்குமா செத்துப்போச்சான்னு எனக்கே தெரியல. பொறுக்கி எடுத்த நல்ல விதை எங்கிட்ட இவ்ளோதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேவே."

மாவ்ஷி வகைக்குப் பத்தாக நாற்பது விதை எடுத்தார். ஈரத்துணியில் நாலு முடிச்சாகக் கட்டி என்னிடம் நீட்டினார். "சூடு வேணும். துடைச்சவனே வயித்துல கட்டிக்கட்டும். காயவிடாத. நசுக்கிடாத. ஞாயித்துக்கிழமை அவிழ்த்துப் பாப்போம்."

"செல்லையா, பத்தியம் இரும்வே," என்றார் அண்ணாச்சி. "நாப்பது பிள்ள."

3. சாம்பல் தேடியது

மீதி விதையைத் தவிட்டில் புரட்டி முடிந்தவரை எண்ணெயை எடுத்தோம். அடுத்து சாம்பல் பூச வேண்டும். மாட்டுங்கா முழுக்க கேஸ் அடுப்பு. இஸ்திரிக்காரர் கரிச்சாம்பல் கொடுத்தார். அதில் கரித்துண்டுகள் கிடந்து விதையைக் கீறின. அரைநாள் அலைந்த பிறகு அண்ணாச்சி பூஜைச் சாமான் கடைக்குப் போய் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். விபூதி.

"இதுவும் சாம்பல்தானவே."

மாவ்ஷி முகர்ந்து பார்த்தார். மல்லிகை வாசனை அடித்தது. "இது சாமிக்குப் பூசுறதுல்ல?"

"சாமி தப்பா நினைக்காது மாவ்ஷி. நான் பேசிக்கிடுதேன்."

பூசினோம். தட்டுகளைப் பின்கட்டு ஜன்னலோரம் காயவைத்தோம். சிறிது நேரத்தில், வழக்கமாக அரிசி வாங்கும் ஒரு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் கோயில் பிரசாதம்ப்பா இது? இவ்வளவு வாசனையா இருக்கே."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மடங்கிக்கொண்டது. அதற்குள் அவர் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் பிரசாதம் கேட்டு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி ஜன்னலைச் சாத்தினார்.

லேபர் கேம்ப் குடியிருப்பில் என் வீடு ஒரே அறை. எதையும் மறைக்க முடியாது. முதல் நாளே என் மனைவி கேட்டுவிட்டாள்.

"ஏங்க, வயித்துல என்ன கட்டு? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"மொச்சை."

"மொச்சையா?"

"முளைக்க வச்சிருக்கேன்."

அவள் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "சுண்டல் வேணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

ஐந்து நாள் குப்புறப் படுக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தேன். பனியன் காயவே இல்லை. அவிழ்த்துப் பார்க்க ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பார்க்கவில்லை.

4. செம்பூர்

ஹாலில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தரையில் துணி விரித்து, ஆளாளுக்கு விதை வைத்திருந்தார்கள். எல்லாம் சாம்பல் நிறம். மாவ்ஷியின் விதை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது, மல்லிகையாக மணந்தது. நானும் அண்ணாச்சியும் வாசலிலேயே நின்றோம்.

கறுப்பு மொச்சைக்காரர் வந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். குனிந்து முகர்ந்து பார்த்து, "இது எந்த மலை? கோயில் மலையா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விபூதி போய், அடியில் என் பளபளப்பு வந்தது.

"கடைச் சரக்கு," என்று கீழே போட்டார். "இத வச்சுட்டு என் விதையக் கேக்குறியே, எப்படிம்மா?"

மாவ்ஷி என் பக்கம் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தலை குனிந்து துணியின் மூலையை மடித்தார். அவர் மூட்டை கட்டப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. நடுவில் போய் நின்றிருந்தேன். மராத்தி வரவில்லை. ஹிந்தியும் வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பனியனைத் தூக்கினேன். முன்வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டார். நான் வயிற்றுக் கட்டை அவிழ்த்து, நாலு முடிச்சையும் தொப்பிக்காரர் முன்னால் பிரித்தேன்.

வெள்ளை வெள்ளையாக முளை. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பதில் முப்பத்தாறு.

அப்போதுதான் பேச்சு வந்தது. அதுவும் தமிழில். "நாந்தான் துடைச்சேன். அவங்க மேல தப்பே கிடையாது. எல்லாம் உசுரோட இருக்கு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சி பின்னாலேயே வந்து மராத்தியில் சொன்னார். நான் சொன்னதைவிட அவர் சொன்னது நாலு மடங்கு நீளம். என்ன சேர்த்தாரோ தெரியாது.

தொப்பிக்காரர் என் வயிற்றைப் பார்த்தார். "எத்தன நாளா கட்டியிருக்க?"

ஐந்து விரலைக் காட்டினேன்.

"தூங்குறப்பவுமா?"

தலையாட்டினேன்.

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "என் வீட்டுக்காரி அஞ்சு பிள்ள பெத்தா. அவகூட இவ்ளோ பத்திரமாப் படுக்கல." பிறகு தன் துணியிலிருந்து இரண்டு கை நிறையக் கறுப்பு மொச்சையை, சாம்பலோடு அள்ளி மாவ்ஷியின் மடியில் போட்டார். மாவ்ஷியின் நாலு வகையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். விரலில் ஒட்டிய விபூதியை வீணாக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டார்.

"சட்டையப் போடும்வே," என்று அண்ணாச்சி காதில் சொன்னார். "வேல முடிஞ்சிட்டு."

5. பின்கட்டுக்கு வருகிறவர்களுக்கு

இந்த வேலைக்கு வருகிற புது ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அழுக்காக வந்த மாலெல்லாம் அழுக்கு அல்ல. யாரோ யோசித்து அப்படிப் பூசியிருக்கலாம். துடைக்கும் முன் கேட்டுவிடுங்கள். கவுண்டரில் பத்துப் பேர் நின்றாலும் போய்க் கேளுங்கள். கேட்க ஒரு நிமிஷம் ஆகும். கேட்காவிட்டால் ஐந்து நாள் மல்லாந்து படுக்க வேண்டும். அதன்பின் ஐம்பது பேர் முன்னால் பனியனைத் தூக்க வேண்டும். எனக்கு இப்போதும் நாக்கு மடங்குகிறது. மடங்கினாலும் போய் நின்றுவிடுகிறேன். என்ன கேட்க வந்தேன் என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள்.

முளைத்த முப்பத்தாறையும் மாவ்ஷி என்னிடமே கொடுத்துவிட்டார். சுண்டல் ஆகவில்லை. என் மனைவி அவற்றைப் பெயின்ட் டப்பாக்களில் நட்டாள். கொடி பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஏறி, அவர்களுக்கு ஒரு வாரம் சீரியல் தெரியாமல் சண்டை வந்தது. காய்த்து முற்றியதை அவள் விபூதியில் புரட்டி, டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த அலமாரியைத் துடைப்பது என் வேலை. டப்பாவிடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் கேட்பேன்.