சிவப்பு டேப் ஒட்டிய தட்டு

அங்கம்மா அக்காவை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடுகண்ணாவைப் பாதையிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளன். அவர் கண்ணாடிச் சாமான்கள் கழுவுபவர். கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துவிட்டு இங்கே வந்தவர். பத்தொன்பது வருசத்தில் ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைத்ததில்லை. நான் மாதத்துக்கு இரண்டு உடைப்பேன்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதனால் நிறம் வைத்திருந்தோம். மஞ்சள் டேப் ஒட்டியதைத் தொடக் கூடாது. சிவப்பு ஒட்டியது ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டும். அது பெரிய பிரஷர் குக்கர் மாதிரி. உள்ளே போன கிருமி எதுவும் பிழைக்காது.

ஆஸிகா கலகெதரயிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. பூமியின் கிருமிகள் விண்வெளியில் உயிரோடிருக்குமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கண்ணாடித் துண்டுகளில் பாக்டீரியாவைக் காயவைத்து, காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள், புறஊதா விளக்கின் கீழே பதினான்கு மாதம் வைத்திருந்தாள். மேலே இருப்பவை செத்து மூடிக்கொண்டால் அடியில் இருப்பவை பிழைக்கலாம் என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தவளும் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை துண்டுகளை வெளியே எடுத்தாள். அந்த வருசம் கடைகளில் எதைக் கேட்டாலும் இல்லை என்பார்கள்; மஞ்சள் டேப் தீர்ந்து இரண்டு வாரமாகியிருந்தது. கையில் அகப்பட்ட சிவப்பை அவை இருந்த தட்டில் ஒட்டி, தொட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு, பேராசிரியரைப் பார்க்கப் போனாள். நானும் பார்த்தேன். மடையன் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் திரும்பி வரப் பகல் இரண்டு மணியாயிற்று. துண்டுகள் அவிந்து, கழுவி, பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன.

ஆஸிகா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். புலமைப்பரிசில் முடிய மூன்று மாதம்தான் இருந்தது. திரும்பச் செய்யப் பதினான்கு மாதம் வேண்டும்.

"புள்ள, சிவப்புதானே ஒட்டியிருந்துச்சு?" என்றார் அங்கம்மா அக்கா.

"ஓ அக்கா, உங்கட பிழை இல்ல. நான்தான் ஒட்டினேன்."

யாரையாவது திட்டித் தீர்க்கலாமென்று பார்த்தேன். ஆள் அகப்படவில்லை.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றார். "அப்ப, நான் அவிக்கிறப்ப அதுங்களுக்கு உசுரு இருந்துச்சா?"

ஆஸிகா நிமிரவில்லை.

"அதத்தான் அக்கா இன்டைக்குப் பாக்க இருந்தேன்."