பாதிப் பேச்சு

டிவி நிருபர் வேலையில் மைக்கை யாரிடம் வேண்டுமானாலும் நீட்டலாம். அவர் பேசியதில் எவ்வளவு ஒளிபரப்பாகும் என்பதுதான் நம் கையில் இல்லை. மாவட்டங்களில் அலையும் சகாக்களுக்கு இந்தத் தவிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

சத்தமில்லாத செயலாளர்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரக் கடைகளைப் புறவழிச்சாலைக்கு மாற்றும் திட்டம் வந்தது. ஆளுங்கட்சி ஆதரித்தது, எதிர்க்கட்சி எதிர்த்தது. கடலூரிலிருந்து பைக்கில் போய், இரு கட்சிக்காரர்களையும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசவைத்து, சென்னையில் செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்குக்கு அனுப்பினேன்.

மாலைச் செய்தியில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் முழுசாகப் பேசினார். எதிர்க்கட்சி நகரச் செயலாளர் வாயசைத்தார், பின்னால் இசை மட்டும் ஓடியது. அவர் என் பள்ளித் தோழர். பயத்தில் அவருடைய மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை. நான்காவதை எடுத்தபோது நிதானமாகச் சொன்னார்: "மச்சான், டிவி ரிப்பேருன்னு எங்க வூட்டுல ரிமோட்ட தட்டிக்கினு இருந்தாங்க."

ஜெயந்தியின் மீதி

அதே செய்தியில், பஸ் ஸ்டாண்டு ஓரம் பூக்கடை வைத்திருக்கும் ஜெயந்தியும் வந்தார். புது இடத்தில் நிழல் இருக்கும், நல்லதுதான். ஆனால் பஸ் வராத இடத்தில் யார் பூ வாங்குவார்கள் என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். 'நல்லதுதான்' என்பதோடு நறுக்கிவிட்டார்கள்.

திட்டத்தை ஆதரித்துவிட்டார் என்று மறுநாள் பக்கத்துக் கடைப் பெண்கள் அவரிடம் பேசவில்லை. பூ மூட்டை ஏற்றிவரும் ஆட்டோவிலும் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் நேரில் போனேன். அவர் திட்டவில்லை, தான் பேசியதை முழுசாகக் கேட்க வேண்டும் என்றார். என் செல்போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன், இரண்டு முறை கேட்டார். "நான் சரியாத்தான் பேசிக்கீறேன் பாய். மீதிய எதுக்கு நீங்க வச்சிக்கினீங்க?"

ஒரே ஷாட்

சென்னை டெஸ்க்குக்குப் போன் போட்டு, ஜெயந்தி பேசியதை முழுசாகப் போடச் சொன்னேன். நேரமில்லை என்றார் ஆசிரியர். கவுன்சிலர் பேச்சுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது என்று கேட்டேன், லைன் கட்டானது. வேலை போய்விடுமோ என்று அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாள் கவுன்சிலரைப் பூக்கடைக்கே கூட்டிப்போய் ஜெயந்தி பக்கத்தில் நிறுத்தினேன். ஜெயந்தி பஸ்ஸைப் பற்றிக் கேட்க, கவுன்சிலர் ஏற்பாடு செய்வதாகச் சொல்ல, கேமராவை நிறுத்தாமல் எடுத்தேன். கேள்வியை வெட்டினால் கவுன்சிலரின் பதில் தொங்கிவிடும். அதனால் அப்படியே ஒளிபரப்பினார்கள். அடுத்த நாள் ஜெயந்தியின் மூட்டை மறுபடி ஆட்டோவில் ஏறியது. டெஸ்க்கிலிருந்து ஆசிரியர் கூப்பிட்டார். "இனிமே ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து அனுப்புங்க, வெட்ட வசதியா இருக்கும்."

அன்றிலிருந்து என் பேட்டிகளில் எல்லாரும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.