வேலிக்குப் பின்னால் நின்றவர்

இலங்கையில் மாத்தளைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய இடத்தில் இரண்டு நாள் தங்கினேன். அங்கே தோட்டவேலை பார்த்தவர் காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். விருந்தாளியின் தலை தெரிந்தாலே செம்பருத்தி வேலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அது நிர்வாகத்தின் உத்தரவு.

முதல் நாள் மாலை, புல்வெளியில் நிதானமாகத் தேநீர் குடித்துவிட்டு எழுந்தேன். நான் போய்விட்டதாக நினைத்து அப்போதுதான் அவர் வெளியே வந்தார். முகம் வீங்கி, ஒரு கண் மூடிப்போயிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“குளவி கொட்டிருச்சுங்க. கூடு இருக்கிறத பாக்காம நின்னுட்டேன்.”

“ஓடியிருக்கலாமே?”

“நீங்க டீ குடிச்சிக்கிட்டு இருந்தீங்களே.”

அதில் கோபமே இல்லை. மறுநாள் மாலையும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். வேலிக்குப் பின்னால் காக்கிச் சட்டை தெரிந்தது. இன்னொரு கோப்பை தேநீர் கேட்டேன்.