தமுக்கடித்த எத்திராசு

எத்திராசுக்கு எழுத்து தெரியாது. குரல் இருந்தது. ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் தமுக்கடிப்பது அவன் அப்பன் காலத்திலிருந்து வந்த வேலை. மணியக்காரர் சொல்வதை மனசில் வாங்கிக்கொண்டு, ஊரிலும் சேரியிலும் முக்குக்கு முக்கு நின்று சொல்லிவிட்டு வருவான். அது கிஸ்தியோ ஏலமோ, அவன் வாயிலிருந்து வந்தால் சர்க்கார் வாக்கு. ஜனங்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

வாணியம்பாடிப் பக்கம் பிளேக் என்று பேச்சு கிளம்பிய வருஷம் அது. சேரி ஆண்கள் ஒவ்வொருவராக ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டிகளுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். மணியக்காரரின் நெல் முற்றி நின்றது, அறுக்க ஆளில்லை.

அவர் எத்திராசைக் கூப்பிட்டார். தோல் மண்டிக்குப் போகிறவனைப் பிளேக் பிடிக்கும், காய்ச்சல் கண்டவனை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொன்று, தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் தள்ளுகிறார்கள் என்று சொல்லிவரச் சொன்னார்.

"நெசங்களா சாமி?"

"அறுப்பு முடியட்டும்டா. நீ போய் அடி."

அடித்தான். அன்றைக்கே பெண்கள் மண்டி வாசலுக்கு ஓடி, புருஷன்மாரையும் பிள்ளைகளையும் அழுது இழுத்துவந்தார்கள். மணியக்காரர் கொடுத்த கூலிக்கே அறுப்பு நடந்தது. எத்திராசின் பெண்சாதி கன்னியம்மாவும் கூட்டத்தில் நின்று கேட்டவள்தான். அவளிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் கிணற்றடிக்குப் போகும். அங்கிருந்து மணியக்காரர் காதுக்குப் போகும்.

தை கழிந்ததும் கன்னியம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. வண்டிக்காரக் காசிநாதன், ஆம்பூர் ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து தருகிறார்கள் என்று சொல்லி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் குடிசையின் நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எத்திராசு சொன்னான், அதெல்லாம் பொய், மணியக்காரர் கட்டிவிட்டது என்று.

"நீதான்யா சொன்ன," என்றாள். "தமுக்கடிச்சு சொன்ன. நான் நின்னு கேட்டேன்."

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கம்பத்தை விடவில்லை.

"என்னிய சாவ அனுப்பிட்டு இன்னா பண்ணப் போற?"

காசிநாதன் வெறும் வண்டியோடு திரும்பினான். வெள்ளிக்கிழமை அவள் செத்துப்போனாள். எத்திராசு அழவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, அழுகை வரவில்லை. யாரோ கஞ்சி கொடுத்தார்கள், குடித்தான்.

பங்குனியில் பிளேக் நிஜமாகவே பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது. ஊசி போட டாக்டரும் சிப்பந்திகளும் வந்து சாவடியில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் வந்து போட்டுக்கொள்ள வேண்டும், பயமில்லை என்று சொல்லச் சொன்னார் மணியக்காரர். எத்திராசு அதே குரலில் தெருத்தெருவாகச் சொன்னான். அவன் வர வர, முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டன. பாதி சேரி பிள்ளைகுட்டிகளோடு மலைக்காட்டுக்கு ஓடிவிட்டது. ஓடினவர்களில் சிலர் திரும்பவில்லை.

ஒழுங்காகச் சொல்லவில்லையா என்று மணியக்காரர் கத்தினார்.

"சொன்னேன் சாமி," என்றான்.

அவரும் வேறு ஆள் தேடவில்லை, அவனும் வேறு வேலைக்குப் போகவில்லை. பின்னாளில், தமுக்கடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இன்றைக்கு என்ன சேதி என்று யாராவது கேட்டால், எத்திராசு நின்று யோசிப்பான். பல நாள் அவனுக்கு ஞாபகம் வராது.