எச் இல்லாத பெட்டி

ஆனையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பியூன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சம்பளம் என்பது எனக்கே கொஞ்சம் உறுத்தும். அதுவும் தற்காலிக வேலை. விளையாட்டு விழா முடியட்டும், நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவரிடமும் அப்படித்தான் சொன்னாராம். அவர் இப்போது மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்.

அந்த வருஷம் மார்ச் பாஸ்ட்டுக்காக டிரம், சிம்பல் எல்லாம் புதிதாக வந்தன. பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த தாளாளர் கடைசி வரியில் நின்றார்.

“பெல்லு ஒண்ணு. நம்ம ஸ்கூல்ல பெல்லு யாரு அடிக்கிறா?”

“நாந்தேன் சார்.”

“அப்பறமென்ன. இதையும் நீங்களே அடிச்சிருங்க.”

பக்கத்தில் நின்ற விளையாட்டு வாத்தியார் பிடி சார் சிரித்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மறுநாளே என் ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். மரச்சட்டத்தின் மேல் எட்டு இரும்புப் பட்டைகள், பெரிதிலிருந்து சிறிதாக. தட்டுவதற்கு இரண்டு குச்சிகள். பெட்டியின் மேல் ரயில் நீளத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர். எழுத்துக் கூட்டினேன். ஜி, எல், ஓ, சி, கே. க்ளாக். கடிகாரத்துக்கு முதல் எழுத்து சி அல்லவா? அதையே தப்பாக அச்சடித்த கம்பெனி உள்ளே என்னென்ன செய்து வைத்திருக்கிறதோ என்று பயம் வந்தது.

பயந்த மாதிரியே ஆனது. பட்டைகளில் பொறித்திருந்த எழுத்துகள் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடியும் சி. ஜிக்கு அப்புறம் எச் வர வேண்டும். எச்சைக் காணோம். வரும் வழியில் பஸ்ஸில் விழுந்துவிட்டதோ? தெர்மாகோல் தூள் முழுவதையும் கொட்டித் தேடினேன்.

“என்னங்க தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“எச்சு.”

“வீட்டுக்குள்ளயா துப்புனீங்க?”

பெட்டியின் மேல் இருந்தது கடிகாரம் இல்லை, அந்த வாத்தியத்தின் பெயர்தான் என்பதும், இசையில் ஜியோடு எழுத்து முடிந்து திரும்ப ஏ-யில் தொடங்கும் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று நான் பட்டைகளைக் கழற்றி, ஏ, பி, சி, டி என்று ஒழுங்காக அடுக்கினேன். மிச்சமிருந்த சி-யை எச்சின் இடத்தில் கடைசியாக வைத்தேன். ஆணிகள் ஓட்டைகளுக்குப் பொருந்தவில்லை. ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினேன். பல் எடுப்பாக இருக்கும் வாய் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பிடி சார் எழுதிக் கொடுத்த மெட்டு வெறும் எழுத்துகள்தான். சி என்றால் சி-யைத் தட்டினேன், ஜி என்றால் ஜி-யை. பாட்டு சரியாகவே வந்தது.

சாயங்காலம் சாயங்காலம் பழகினேன். முதல் நாள் எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோடு வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஐஸ் வண்டி எங்கிட்டு நிக்குது?”

“வண்டியெல்லாம் இல்லக்கா. நாந்தேன்.”

“நீங்க எப்ப ஐஸ் விக்க ஆரம்பிச்சீங்க?”

ஒரு மாதத்தில் எழுத்தைப் பார்க்காமலே கை தானாகப் போகத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பெரிய டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து நின்று வாசித்தேன். ரப்பர் பேண்டுகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

விழா அன்று காலை பிடி சார் ஓடி வந்தார்.

“அண்ணே, நல்லவேளை பாத்தேன். எந்தப் புள்ளையோ பட்டையெல்லாம் கழட்டி மாத்திப் போட்ருக்கு. எல்லாத்தையும் பழையபடி மாட்டி ஆணி அடிச்சிட்டேன்.”

“ரொம்ப நன்றி சார்,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கொடி ஏறியது. தாளாளர் மேடையிலிருந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பழகிய இடத்தில் தட்டினேன். வேறு ஏதோ ஒரு சத்தம் வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் தப்பு வந்தால் வேலை போச்சு என்று முடிவு செய்து, குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். சி. அப்புறம் இ எங்கே இருக்கிறது? இதோ, இ.

பெல் சத்தம் கேட்ட பிறகுதான் டிரம் அடிக்க வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்த முறை. டிரம் அடிக்கும் பெண் எனக்காகக் காத்திருந்தாள். டிரம்முக்காக நூற்றைம்பது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். நான் ஏ-யைத் தேடிக் கண்டுபிடித்ததும் அத்தனை கால்களும் ஒன்றாக இறங்கின. அடுத்த கால் எழும்பி அந்தரத்தில் நின்றது. ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் தள்ளாடி விழுந்து, எழுந்து, அதே காலைத் தூக்கினார்கள். மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

சிறப்பு விருந்தினர் ரிட்டையரான போலீஸ் அதிகாரி. மைக்கைப் பிடித்தார்.

“நானும் எம்புட்டோ பரேடு பாத்துட்டேன். புள்ளைகள இம்புட்டு நிதானமா நடக்க வச்சத இங்கதான் பாக்குறேன்.”

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டு நிரந்தர ஆணையைக் கையில் கொடுத்தார். “வருஷா வருஷம் இதே வேகந்தேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது,” என்றார்.

இப்போது புது வரிசையும் கைக்குப் பழகிவிட்டது. விட்டால் கை வேகமாக ஓடப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் குனிந்து, தேடுகிற மாதிரி கொஞ்சம் நின்று தட்டுகிறேன்.